மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குப் பதிலாக ஒரு லேப்டாப்

லேப்டாப் பார்க்கக் கடைக்குப் போனால் நான் முதலில் கேட்பது அதன் சார்ஜரைத்தான். கடைப் பையன் திரையின் நிறத்தையும் கீபோர்டில் மினுங்கும் விளக்குகளையும் காட்டிக்கொண்டிருப்பான். சார்ஜரை எடுத்து வா என்றால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியோடு வருவான். சார்ஜரைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள், 230 வாட். 20 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 100 வாட்தான். டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஒன்று தேடுகிறவர் இந்த இரண்டாவது சார்ஜரைப் பார்த்ததும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடலாம். உள்ளே எவ்வளவு பெரிய பெயர் எழுதியிருந்தாலும், 100 வாட் உள்ளே போனால் 100 வாட்டுக்கு உண்டான வேலைதான் வெளியே வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது காசைக் கொட்டித்தான். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் கல்யாணம், காவடி, சடங்கு என்று கேமரா பிடிப்பார். எடிட்டிங் என் வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் 1860-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள். வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துபோயிருக்கலாம். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் அரை நொடி தள்ளிப் போனால் அந்த வீட்டு ஆயா கண்டுபிடித்துவிடுவார்.

2017-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஏழு வருஷம் உழைத்தது. ஐ7 7700 பிராசஸர், ஜி.டி.எக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. அதை நிறுத்தியதற்கு மூன்று காரணங்கள். முதலாவது லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. 2023-இல் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை. யு.பி.எஸ் பத்து நிமிடம் கத்திவிட்டு அடங்கும். அதற்குள் எக்ஸ்போர்ட், அதாவது வெட்டிய படத்தை ஒரே கோப்பாக்கும் வேலை, முடியாது. கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் எனக்குப் பயம், வரும்போது ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் வரும். இரண்டாவது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடியப்போகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், சொன்னபடி முடிந்தும்விட்டது. ஏழாம் தலைமுறை ஐ7-ஐ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. மூன்றாவது, ஒரு பல்லி. பவர் சப்ளைக்குள் புகுந்து தன்னையும் முடித்துக்கொண்டு அதையும் முடித்துவிட்டது. ஊரில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பார்கள். எனக்குக் கிடைத்த பலன் 38,000 ரேண்ட் செலவு.

வாங்கத்தான் வேண்டுமா?

அதற்கு முன் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஒரே மேசையில்தான் இருக்கப்போகிறது, வீட்டில் நல்ல இன்வெர்ட்டரோ சோலாரோ இருக்கிறது என்றால், டெஸ்க்டாப்பையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும், சத்தம் குறைவு, ஒரு பாகம் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெட்டிங் ரொம்பவே ஓய்ந்துவிட்டது. 2025-இல் சில நாள் தலைகாட்டியதோடு சரி. அதனால் அந்தக் காரணம் ஒன்றுக்காக மட்டும் ஓட வேண்டியதில்லை.

எனக்கு லேப்டாப் தேவைப்பட்டது வேறொன்றுக்காக. காலையில் எடுத்த காட்சிகளை மாலை வரவேற்பில் ஐந்து நிமிடப் படமாகப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். மண்டபத்துச் சமையலறைப் பக்கம் ஒரு மேசையைப் பிடித்து, பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து வெட்ட வேண்டும். அங்கே டெஸ்க்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உங்கள் வேலையிலும் இப்படி ஓர் இடம் இருந்தால் மேலே படியுங்கள்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

2023-இல் நான் செய்த தவறு இது. பெட்டியை வைத்துக்கொண்டே ஒரு லேப்டாப்பும் வாங்கினேன். மெல்லியது, அழகானது, ஒன்றரைக் கிலோ சொச்சம். ஆர்.டி.எக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர். என் பழைய 1060-ஐவிட மூன்று தலைமுறை புதியதாயிற்றே என்று 26,000 ரேண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். 40 நிமிடக் கல்யாணப் படம் ஒன்று பெட்டியில் எக்ஸ்போர்ட் ஆக 50 நிமிடம் எடுக்கும். இதில் முதல் ஐந்து நிமிடம் பறந்தது. அந்தக் கணக்கில் 25 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஃபேன் ஊளையிட ஆரம்பித்ததும் வேகம் இறங்க ஆரம்பித்தது. கடைசியில் 43 நிமிடம். 26,000 ரேண்டுக்கு எனக்குக் கிடைத்தது ஏழு நிமிடம்.

அடுப்பை இரண்டு நிமிடம் கொழுந்துவிட்டு எரியவிடுவது வேறு. பாயசப் பால் வற்றும்வரை ஒரே தீயில் வைத்திருப்பது வேறு. டெஸ்க்டாப் இரண்டாவது வகை. பெரிய பெட்டி, பெரிய ஃபேன், சூடு போக இடம். லேப்டாப்பில் எல்லாரும் முதல் வகையைத்தான் காட்டி விற்கிறார்கள்.

லேப்டாப்புக்குள் போகும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். லேப்டாப் 4060, 4070 இரண்டுக்குமே அந்தக் கார்டுகளின் கம்பெனியான என்விடியா வைத்திருக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்று மடங்கு வித்தியாசம். 115 வாட் வாங்கும் 4060, 50 வாட்டில் மூச்சுத் திணறும் 4070-ஐ முந்திக்கொண்டு போய்விடும். நான் வாங்கிய மெல்லிசுக்குக் கிடைத்தது 45 வாட். இதை எங்கே பார்ப்பது? என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்துக்குப் போனால் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். கடையில் வைத்திருக்கும் மெஷினிலேயே பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. தயாரிப்பாளரின் தளத்தில் விவரப் பட்டியலிலும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். போடவில்லையென்றால் போட வெட்கப்படுகிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

டெஸ்க்டாப் கார்டோடு பெயரை ஒப்பிடுவதும் கூடாது. டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி மெமரி, 5,888 கோர் (கணக்குப் போடும் சின்னச் சுற்றுகள்), 200 வாட். லேப்டாப் 4070-இல் 8 ஜிபி, 4,608 கோர். 4090 இன்னும் மோசம்: டெஸ்க்டாப்பில் 24 ஜிபி, 16,384 கோர், லேப்டாப்பில் 16 ஜிபி, 9,728 கோர். 50 வரிசையிலும் கதை மாறவில்லை, லேப்டாப் 5070-க்கு அதே 8 ஜிபிதான். 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டி.ஐ-க்கு ஏற வேண்டும். 4கே வீடியோவில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வேலை நிறைய வருமென்றால் இந்த ஜிபி கணக்கை வாட்டுக்கு அடுத்தபடியாகப் பாருங்கள். மெமரி தீர்ந்தால் மெதுவாவதோடு நிற்காமல் அப்படியே படுத்தும்விடலாம்.

பிராசஸரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் எச்.எக்ஸ் என்று முடிந்தால் அடிப்படை 55 வாட், எச் என்றால் 45 வாட், யு என்றால் 15 வாட். ஐ7 என்று பெரிதாக எழுதி யு என்று பொடியாக முடிப்பார்கள். அது வங்கியில் உட்கார்ந்து மின்னஞ்சல் அடிக்கிறவருக்கு. ஏ.எம்.டி-யின் 7000 வரிசையில் வேறொரு சூது உண்டு. நாலு இலக்கத்தில் முதல் இலக்கம் ஆண்டைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுவது மூன்றாவது இலக்கம். 7840எச்.எஸ்-இல் மூன்றாவது 4, அதாவது ஜென் 4, புதியது. 7520யு-வில் மூன்றாவது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2-வுக்குப் புதுச் சட்டை. இரண்டும் ஒரே அலமாரியில் 7000 என்று இளித்துக்கொண்டு நிற்கும்.

கேமராவோடு ஜாதகம் பொருந்த வேண்டும்

வீடியோ எடிட் செய்யாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். செய்கிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கடையில் யாரும் சொல்லித் தரவும் மாட்டார்கள்.

இப்போதைய நல்ல கேமராக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன. எங்களிடம் இருப்பதும் அப்படித்தான். பட்டுப்புடவையின் ஜரிகையும் மணவறைப் பூக்களும் நிறம் பிசகாமல் வரும். ஆனால் அந்தச் சுருக்கத்தைப் பிரித்துக் காட்ட மெஷினுக்குள் அதற்கென்று ஒரு சுற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பிராசஸர் தலையால் தண்ணீர் குடிக்கும், டைம்லைன் (காட்சிகளை வரிசையாக வைத்து வெட்டும் பட்டை) விக்கி விக்கி ஓடும். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்து பார்த்தால், இதைச் செய்துவிடும். அதன் பெயர் குவிக் சிங்க். என்விடியா 40 வரிசைவரை 4:2:2-ஐத் தொடாது, 50 வரிசையில்தான் வந்தது. அதாவது 4:2:2 கேமரா வைத்திருப்பவர் ஏ.எம்.டி பிராசஸரும் 40 வரிசைக் கார்டும் சேர்ந்த லேப்டாப்பை வாங்கினால், மற்ற எல்லா வேலையிலும் புலியாக இருக்கும் மெஷின் தன் வேலையில் மட்டும் பூனையாக இருப்பதைப் பார்ப்பார்.

இன்டெல் வாங்கியும் ஏமாறும் வழி ஒன்று உண்டு. பெரிய லேப்டாப்களில் மக்ஸ் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். அதைத் தனி கார்டு மட்டும் என்ற நிலைக்குத் தள்ளினால் பல மெஷின்களில் இன்டெலின் சின்ன கிராஃபிக்ஸ் அணைந்துபோகும், குவிக் சிங்க்கும் கூடவே போகும். கேம் ஆடும் பிள்ளைகள் வேகத்துக்காக அப்படித்தான் வைப்பார்கள். எங்கள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை டைம்லைன் நொண்டியது. டிரைவரைக் கழற்றி மாட்டி, மென்பொருளைத் திரும்ப ஏற்றி, அரை நாள் போன பிறகு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், "அம்மா, அது நான்தான்" என்றான்.

நான் கடைசியில் எடுத்தது எச்.எக்ஸ் வகை இன்டெல் பிராசஸரும் 115 வாட் 4070-உம் உள்ளது. இரண்டரைக் கிலோ. சார்ஜர் தனியாக ஒரு செங்கல். அதே 40 நிமிடப் படம் இதில் 19 நிமிடம்.

மேக் வாங்கலாமே என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மேக்புக் ப்ரோ 4:2:2-ஐ அலுங்காமல் ஓட்டும், ஆப்பிளின் சொந்த வீடியோ வடிவமான ப்ரோரெஸ்ஸுக்கும் உள்ளேயே சுற்று இருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் குறையாது. இந்தக் கடைசி குணம் விண்டோஸ் பக்கம் பெரிய கார்டு வைத்த மெஷின்களுக்குச் சரியாக வாய்க்கவில்லை. ஆனால் மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே எடுத்தாக வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கேட்கிற விலை வயிற்றெரிச்சல். போதாததற்கு என்னுடைய பழைய ஆல்பம் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் விண்டோஸில். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் மேக்கைத் தாராளமாகப் பார்க்கலாம்.

மற்றவை

ரேம் 32 ஜிபி. 16-இல் சமாளிக்கலாம் என்பார்கள், சமாளிக்கத்தான் முடியும். எண்ணைவிட முக்கியம், அது சாலிடர் செய்ததா, ஸ்லாட்டில் செருகியதா என்பது. மெல்லிய மெஷின்களில் போர்டோடு ஒட்டியிருக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால் மெமரி ஒற்றைக் காலில் ஓடுகிறது என்று பொருள். விலையைக் குறைத்துக் காட்டச் செய்யும் வேலை அது. இன்னொன்று வாங்கிச் செருகினால் சரியாகிவிடும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.டி-க்கு இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, 400 ஜிபி சாதாரணமாக வரும். விண்டோஸும் மென்பொருளும் ஒன்றில், நடப்பு வேலை மற்றதில். முடிந்த வேலை வெளி டிஸ்க்குக்குப் போய்விட வேண்டும்.

திரையில் ஏமாறுவது சுலபம். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு விவரத் தாளில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி என்று இருந்தால் அந்த மெஷினை வைத்துவிடுங்கள். அரக்கு நிறப் பட்டு அதில் செங்கல் நிறமாகத் தெரியும், நீங்கள் அதைச் சரி செய்வதாக நினைத்துக்கொண்டு நிறத்தைக் கூட்டுவீர்கள், வீட்டு டிவியில் போட்டால் மணப்பெண் முகம் முழுக்கக் குங்குமம். எஸ்.ஆர்.ஜி.பி என்ற இன்னொரு நிற அளவில் 100 சதவீதம் என்பதே குறைந்தபட்சம். 16 அங்குலத்தில் 2560க்கு 1600 எனக்குப் போதுமானது. உயரம் கூடுதலாக இருப்பதால் டைம்லைனுக்கு இடம் கிடைக்கிறது.

கீபோர்டு, வெப்கேம், ஸ்பீக்கர் எல்லாம் அவரவர் பாடு. மெமரி கார்டுக்கு ஒரு துளை மெஷினிலேயே இருந்தால் புண்ணியம், பெரும்பாலும் இருக்காது.

பிளக்கும் இன்வெர்ட்டரும்

தம்பி சென்னையிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வரச் சொல்லலாமே என்று நானும் நினைத்தேன். நம்மில் பாதிப் பேர் நினைப்பதுதான். 5,000 ரேண்டுக்கு மேற்பட்ட புதுப் பொருளை விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி அங்கே காத்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் வாரன்டி. வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் வாரன்டி நிறைய. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, தென்னாப்பிரிக்காவில் பார்ப்பீர்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிளக் ஒரு வேடிக்கை. நம் ஊரில் கிரைண்டருக்கும் ஏ.சி-க்கும் போடும் மூன்று தடித்த உருண்டைக் கால் பவர் பிளக் இருக்கிறதே, அதுதான் இங்கே பெரும்பாலானவற்றுக்கும். ஊரிலிருந்து வரும் லேப்டாப்பின் சின்ன மூன்று கால் பிளக் இங்கே சுவரில் நிற்காது. ஆனால் அடாப்டர் தேட வேண்டியதில்லை. பெரிய சார்ஜர்கள் பலவற்றில் சுவர்ப் பக்கத்து வயர் தனியாகக் கழன்று வரும், அதன் மறுமுனை டெஸ்க்டாப் வயரின் முனையேதான். பல்லி தின்ற என் பெட்டியின் பழைய வயர் புது சார்ஜரில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பேட்டரி விஷயத்தில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். விமானத்தில் கொண்டுபோக 100 வாட் மணி என்று ஒரு வரம்பு இருப்பதால் எந்தத் தயாரிப்பாளரும் அதைத் தாண்ட மாட்டார். 100 வாட் மணியை 200 வாட் தின்கிற மெஷினில் வைத்தால் அரை மணி நேரம். அதுவும் நடக்காது, ஏனென்றால் சார்ஜரைப் பிடுங்கியதும் மெஷின் தானாகவே வேகத்தை அரைவாசிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். வெட்டி ஒட்டுகிற வேலை பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓடும், எக்ஸ்போர்ட் ஓடாது. பேட்டரியை உள்ளேயே இருக்கும் யு.பி.எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போனால் வேலை அழியாது.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் கணக்குப் போடுங்கள். எக்ஸ்போர்ட்டின்போது என் மெஷின் சுவரிலிருந்து 200 வாட் அளவில் இழுக்கிறது. சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் பெட்டிகளில் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இருந்தால் 1,200 வாட் மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும், அதனால் கையில் 600. வழியில் போவதைக் கழித்தால் இரண்டரை மணி நேரம். அதே அளவு லித்தியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்வெர்ட்டர், கரண்டைச் சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வகையாக இருக்கட்டும். மலிவான மாடிஃபைடு சைன் வகையில் சார்ஜர் முனகுவதைக் காதாலேயே கேட்கலாம். கைக்கடக்கமான 150 வாட் பவர் பாக்ஸில் 230 வாட் சார்ஜரைச் செருகி முழு வேகத்தில் வேலை வாங்கினால் பாக்ஸ் அணைந்துவிடும். அதற்கு வேறு வழி: யு.எஸ்.பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகும் மெஷினாகப் பார்த்து வாங்கினால் 100 வாட் சின்ன சார்ஜரே வெட்டு வேலைக்குப் போதும். மண்டபத்துக்கு நான் கொண்டுபோவது அதைத்தான், செங்கல் வீட்டில் இருக்கும்.

கடையில் அரை மணி நேரம்

இரண்டாவது முறை போனபோது பையில் ஒரு பென் டிரைவ் வைத்திருந்தேன். அதில் மூன்று சங்கதி: எங்கள் கேமராவில் எடுத்த 4கே துண்டு ஒன்று, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள், மெஷினின் வாட்டையும் சூட்டையும் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இன்னொன்று. இரண்டும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் வடிவில் கிடைக்கின்றன. முதல் கடையில் முடியவே முடியாது என்றார்கள். இரண்டாவது கடையில் மேலாளரைக் கூப்பிட்டார்கள். வாங்குவதென்றால் இன்றே வாங்குவேன் என்றதும் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள்.

சார்ஜரைச் செருகி, பெர்ஃபாமன்ஸ் நிலைக்கு மாற்றி, பிராசஸரையே வேலை வாங்கும்படி ஹேண்ட்பிரேக்கில் அந்தத் துண்டைப் போட்டேன். பக்கத்தில் எச்.டபிள்யூ.இன்ஃபோவில் பிராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது என்ற வரி மட்டும். இரண்டாவது நிமிடம் ஓர் எண், 25-ஆவது நிமிடம் ஓர் எண், இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். நடுவில் கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அங்கே சூடு பொறுக்கவில்லை என்றால் டிசம்பர் மாதக் கோடையில் டர்பன் புழுக்கத்தில் வேலை செய்ய முடியாது, கடையில் ஏ.சி ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. முதலில் பார்த்த மெஷின் 80 வாட்டில் தொடங்கி 35-க்கு வந்து படுத்துவிட்டது. அடுத்தது 90-இல் தொடங்கி 75-இல் நின்றது, கடைசிவரை அசையவில்லை. விலை அதிகம் அதற்கு இல்லை. முதல் மெஷின்தான் 3,000 ரேண்ட் கூடுதல், ஏனென்றால் அது அழகு.

சோதிக்க விடவே இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் விதியை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழுதான பொருளென்றால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தை வாங்கிக்கொள்வதா என்று நீங்களே சொல்லலாம். ஆனால் வேகம் பிடிக்கவில்லை என்பது பழுது இல்லை. என் மெல்லிசைத் திருப்பிக்கொண்டு போனபோது அதைத்தான் சொன்னார்கள், சட்டப்படி அவர்கள் பக்கம் தவறும் இல்லை. கொழுந்தன் மகள் கல்லூரிக்கு அதைக் கொண்டுபோகிறாள், அவளுக்குத் தங்கம். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கணினியின் விலையை வரிக் கணக்கில் மூன்று ஆண்டில் தேய்மானமாகக் கழிக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எந்நேரமும் சார்ஜரில் இருக்கும் மெஷினுக்கு முதல் வேலை, பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைப்பது. தயாரிப்பாளரின் மென்பொருளிலேயே அந்தத் தேர்வு இருக்கும். நூறிலேயே சூட்டில் கிடந்தால் பேட்டரி அப்பளம் போல உப்பிக்கொள்ளும். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். ஸ்டாண்ட் வரும்வரை நான் இரண்டு தைல பாட்டில் மூடிகளை வைத்திருந்தேன், அதற்கே சூடு கண்கூடாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காற்றடித்துத் தூசு எடுங்கள், அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்காற்றில் ஈரமும் தூசும் சேர்ந்து அடையாக ஒட்டிக்கொள்ளும். இரவில் மேலே ஒரு துணி போட்டு மூடுகிறேன், பல்லிக்காக.

பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். மேசையில் அதுவும், பழைய கீபோர்டும் மவுஸும் அப்படியே இருக்கட்டும். லேப்டாப்பைக் கொண்டுவந்து இரண்டு வயரைச் செருகினால் பழைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்த மாதிரியேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். எழுத்துருக்கள். பத்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை, பெயர்த் தலைப்பு எல்லாம் பாமினியில் அடித்து வைத்தவை. இப்போது விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, யுனிகோடில்தான் அடிக்கிறேன். ஆனால் பழைய கோப்புகள் பாமினியைத் தேடும். புது மெஷினில் முதல் வேலையாக ஒரு வீட்டின் அறுபதாம் கல்யாணப் படத்தைத் திறந்தேன், தாத்தா பாட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக இறைந்து கிடந்தன. பழைய பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி உறையில் போட்டுச் செருகி, எழுத்துருக் கோப்புறையை முழுதாக நகல் எடுத்த பிறகுதான் பெயர் திரும்பி வந்தது. அந்த டிஸ்கை உடனே அழித்துவிடாதீர்கள். புதியதில் இரண்டு வேலையாவது முழுதாக முடித்துக் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது இன்னும் மேசை இழுப்பறையில், பழைய துணியில் சுற்றிக் கிடக்கிறது.